நான்கு மரங்களுக்கு நடுவே

அருகருகே நிற்கும் நான்கு மரங்களைக் கயிற்றால் சுற்றிக் கட்டினால் ஒரு நாற்கரம் கிடைக்கும். அது எந்த வகை என்பதைப் பொறுத்தே ஏக்கருக்கு எத்தனை மரம், பால் வெட்டுபவருக்கு எவ்வளவு நடை என்பதெல்லாம் அமைகிறது.

பேராக்கில் ரப்பரின் கதை 1877-இல், குவாலா கங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்ட 9 கன்றுகளோடு தொடங்கியது. பின்னர் தோட்டங்கள் பெருகின. மரத்துக்கு மரம் 20 அடி, நிரைக்கு நிரை 20 அடி விட்டு நட்டால் சதுரம். ஏக்கருக்குச் சுமார் 109 மரம். மரத்துக்கு 10 அடி, நிரைக்கு 40 அடி என மாற்றினால் செவ்வகம். மரங்களின் எண்ணிக்கை அதேதான், ஆனால் நிரையோடு போகிறவருக்கு மரத்துக்கு மரம் நடை பாதியாகிறது. விடியுமுன் வாளியோடு கிளம்பிய நம் பாட்டிமார்களின் கால்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்திருக்கும்.

சதுரத்திலும் செவ்வகத்திலும் நான்கு கோணங்களும் 90 பாகை. பக்கங்கள்தான் இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றன.

செம்பனைக்கு வந்தால் கதை மாறுகிறது. ரப்பர் நின்ற பல தோட்டங்களில் இன்று செம்பனைதான் நிற்கிறது. அதைப் பெரும்பாலும் சமபக்க முக்கோண அமைப்பில், சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். இரண்டு முக்கோணங்களை ஒட்டிப் பாருங்கள்: நான்கு பக்கமும் 9 மீட்டர், கோணங்களோ 60, 120, 60, 120. அது சாய்சதுரம். பக்கத்தை மட்டும் அளந்தவர் சதுரம் என்றே சொல்லிவிடுவார். கோணம் மாறியதால் கிடைக்கும் ஆதாயம் பெரிது. 9 மீட்டர் சதுரமாக நட்டால் ஹெக்டேருக்கு 123 மரம். சாய்சதுரமாக நட்டால் 143. எந்த மரமும் அடுத்ததை நெருக்குவதில்லை.

சதுரமா, சாய்சதுரமா என்பதைக் கோணமானி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். எதிரெதிர் மூலைகளுக்குக் கயிறு பிடியுங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் 12.7 மீட்டர் என்றால் சதுரம். ஒன்று 9, மற்றது 15.6 என்றால் சாய்சதுரம்.

எதிர்ப்பக்கங்கள் இணையாக இருந்து, அடுத்தடுத்த பக்கங்கள் சமமில்லாமல் கோணமும் சாய்ந்தால் இணைகரம். தோட்டச் சாலை நிரைகளைச் சாய்வாக வெட்டிப்போகும் ஓரத்தில் ஒரு சோடிப் பக்கம் மட்டுமே இணையாக நிற்கும், அது சரிவகம். மலைச்சரிவில் வளைந்து வளைந்து போகும் படிகளிலோ எந்தப் பெயரும் பொருந்தாத நாற்கரங்களே மிகுதி.

ஈப்போ சுற்றுவட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாற்கரப் பாடம் வரும் வாரத்தில் அனுமதி பெற்று, ஒரு நீளக் கயிற்றோடு பிள்ளைகளைப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள். மூலைவிட்டத்தை அவர்களே அளக்கட்டும்.