பூஞ்செடிக்கு நோயா? மருந்துக்கு முன் இலையைப் பாருங்கள்

முற்றத்துச் செவ்வரத்தையின் இலை மஞ்சளாகிவிட்டால் அநேகமான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். மிளகாய்க்கோ வெங்காயத்துக்கோ வாங்கி மீந்துபோன மருந்துப் போத்தலைத் தேடி எடுப்பார்கள். ஒரு மூடி அளவு தண்ணீரில் கலந்து அடித்துவிடுவார்கள். செடி தப்பினால் மருந்தின் புண்ணியம், பட்டுப்போனால் செடியின் விதி. என்ன நோய் என்று ஒருவரும் இலையைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

பூஞ்செடிதானே என்று இதனை அலட்சியம் செய்யமுடியாது. தோட்டப் பயிர் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும். செவ்வரத்தையும் வெட்சியும் ரோசாவும் நிற்பதோ வாசலிலும் கிணற்றடியிலும். பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். செவ்வரத்தம் இலையைத் தலைக்கு அரைத்துப் பூசுகிறோம். கடும் நஞ்சான மொனோக்குரோட்டபொஸ், மெத்தமிடபொஸ் ஆகியவை இலங்கையில் 1995 இல் தடைசெய்யப்பட்டன. 1998 இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011 வரையான காலத்தில் டைமெதொயேற், பென்தியன், பரகுவாற் ஆகியவையும் படிப்படியாக நீக்கப்பட்டன. இவற்றை அருந்தி இறந்தவர்களின் தொகையே இதற்குக் காரணம். தடை வந்தாலும் கோடிப்புறத்தில் கிடக்கும் பழைய போத்தல் தானாக மறைந்துவிடாது. பெயர்த்துண்டு கிழிந்துபோன போத்தலிலுள்ள மருந்தை எந்தச் செடிக்கும் பாவிக்கவேண்டாம்.

மஞ்சள் எங்கே தொடங்குகிறது?

மஞ்சள் நிறம் எல்லாம் நோயல்ல. பெரும்பாலும் அது செடியின் பசி. என்ன பசி என்பதை மஞ்சள் தொடங்கும் இடத்தைக்கொண்டு அறியலாம். கீழேயுள்ள முதிர்ந்த இலைகள் முழுவதும் வெளிறினால் நைதரசன் போதவில்லை. அதே முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மகனீசியக் குறைபாடாக இருக்கலாம். நுனிக் குருத்திலைகளில் நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெரிய, மற்றப் பகுதி வெளிறினால் செடிக்கு இரும்புச் சத்துக் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த மூன்றாவது வகையைக் கூடுதலாகக் காணலாம். நிலத்தின் கீழே சுண்ணாம்புக் கல், கிணற்றில் சுண்ணாம்புத் தண்ணீர். காரத்தன்மை கூடிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரினால் அதை உறிஞ்ச முடியாது. வெட்சி இதற்குப் பேர்போனது. மதில் ஓரத்தில், வீடு கட்டியபோது கொட்டிய சீமெந்து, சுண்ணாம்புக் கழிவின் மேல் நட்ட வெட்சி ஒருநாளும் கரும்பச்சையாக வராது. அதற்கு அடுப்புச் சாம்பலும் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். சாம்பல் நல்ல பசளைதான், ஆனால் இந்த மண்ணில் இந்தச் செடிக்கு அல்ல.

இதற்குப் பூச்சிமருந்து எதுவும் உதவாது. கூட்டெருவும் உக்கிய இலைகுழையும் அடியில் தாராளமாக இடவேண்டும். மழைநீரைச் சேர்த்து ஊற்றமுடிந்தால் நல்லது. விரைவான பலன் வேண்டுவோர் ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் பெரசு சல்பேற்றுக் கரைத்து, வெயில் தணிந்தபின் இலைமேல் தெளிக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை போதும். சுவரில் பட்டால் துருக்கறை படியும், கவனம். வெளிறிய பழைய இலை முழுதாகப் பச்சையாகும் என்று காத்திருக்காமல், புதிதாக வரும் குருத்தைப் பாருங்கள்.

கரிபடிந்த இலையும் வெள்ளைப் பஞ்சும்

இலையின் மேல் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுப்புப் படிந்திருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். கரி கையோடு வந்து கீழே பச்சை இலை தெரிந்தால், அது இலையைத் தின்னும் நோயல்ல. மேலேயுள்ள கிளைகளில் சாறுறிஞ்சும் பூச்சிகள் இருக்கின்றன. அவை கழிக்கும் இனிப்பான நீரில்தான் இந்தக் கரும்பங்கசு வளர்கிறது. இதற்குப் பங்கசுநாசினி வாங்குவது வீண்செலவு.

அந்தப் பூச்சிகளில் முக்கியமானது மாப்பூச்சி, வெண்மூட்டுப்பூச்சி என்றும் சொல்வார்கள். குருத்துச் சுருண்டு, கணுக்களில் வெள்ளைப் பஞ்சு படிந்ததுபோல் இருக்கும். 2008 இல் பப்பாசி மாப்பூச்சி என்ற புதியவகை இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பூச்சி பப்பாசியோடு நிற்கவில்லை. மரவள்ளி, செவ்வரத்தை, அரலியா என்று பரவியது. உடம்பை மூடிய மெழுகுப் பூச்சினூடாக மருந்து எளிதில் உட்செல்லாது. நிலைமையை மாற்றியது கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒரு சிறு குளவி. அசெரோபாகசு பப்பாயே என்ற அந்த ஒட்டுண்ணியை 2009 இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விவசாயத் திணைக்களம் விடுவித்தது. அது மாப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அழிக்கிறது. கண்டபடி நஞ்சு தெளித்தால் முதலில் சாவது இக்குளவி போன்ற நண்பர்களே.

ஆகையால் சுருண்ட குருத்துக்களை வெட்டி எரித்துவிடுங்கள். மிகுதியைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் கலந்து, பூச்சியின் மேலேயே படும்படி, இலையின் அடிப்பக்கமும் நனைய மாலையில் தெளியுங்கள். உடுப்புத் தோய்க்கும் தூள் வேண்டாம், அது இலையைக் கருக்கும். முதலில் ஒரு கிளைக்கு அடித்து இரண்டு நாள் பார்ப்பது நல்லது. ஒரு லீற்றருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பு இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து வடித்த சாறும் பயன்தரும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம் செய்யவேண்டும்.

எறும்பை மறக்கவேண்டாம். இனிப்புக்காக மாப்பூச்சியைக் காவல்காத்து வளர்ப்பது அதுதான். தண்டில் துணி சுற்றி, அதன்மேல் கிறீஸ் பூசி எறும்பின் வழியை மறியுங்கள். வெள்ளைப் பஞ்சு போர்த்த உருவம் ஒன்று சற்றுப் பெரிதாக, வேகமாக ஊர்ந்து திரிந்தால் அதை நசுக்காதீர்கள். சிலவகைப் பொறிவண்டின் புழு அப்படித்தான் இருக்கும், மாப்பூச்சியைத் தின்பது அதன் தொழில்.

ரோசாவின் கரும்புள்ளி

மழைக்காலத்தில் ரோசா இலையில் ஓரம் சிதைந்த கறுப்பு வட்டங்கள் தோன்றி, சுற்றிவர மஞ்சளாகி, இலை உதிரும். இது பங்கசு நோய். இலை பல மணிநேரம் ஈரமாகவே இருந்தால்தான் இது தொற்றும். எனவே மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டு, காலையில் அடியில் ஊற்றுங்கள். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரியுங்கள். நடுக்கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள். இவ்வளவும் செய்தும் அடங்காவிட்டால் மட்டும் மங்கோசெப் போன்ற பங்கசுநாசினியைப் பெயர்த்துண்டிலுள்ள அளவில் பாவிக்கலாம். நுவரெலியா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் இலைமேல் மாத்தூவியதுபோல் வருவது வேறு நோய், அதற்கு இலை நனைந்திருக்கவேண்டியதில்லை.

இவற்றில் எதனோடும் ஒத்துவராத அறிகுறி என்றால், நோயுள்ள கிளையைக் கடதாசிப் பையில் இட்டு விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். பொலித்தீன் பையில் வியர்த்து அழுகிவிடும். வயல் ஓரத்து வீடானால், அண்மையில் களைநாசினி தெளிக்கப்பட்டதா என்பதையும் சொல்லுங்கள். காற்றில் வந்த களைநாசினியாலும் குருத்து முறுகும்.

நிலம் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறதா?

மாரி மழைக்குப்பின் செவ்வரத்தை தலைசாய்ந்தால் பலர் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அடிமண்ணைச் சிறிது கிளறி ஒரு வேரை இழுத்துப் பாருங்கள். வேர் கபிலநிறமாகி, தோல் உறைபோலக் கழன்று வந்தால் அது வேரழுகல். தேங்கிய நீரை வாய்க்கால் வெட்டி வடித்து, கிளைகளைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம். வேர் பெரும்பாலும் அழுகியிருந்தால் தாய்ச்செடி தப்பாது. நோயில்லாத மேற்கிளைகளில் பென்சில் பருமனானவற்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழிலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றுங்கள். ஐந்தாறு வாரங்களில் வேர்விடும். பழைய குழியில் நடாமல், மேடான வேறிடத்தில் நடுங்கள்.