ஒரு நாள் எடுக்கும் உயரம்

கல்முனையில் டிஷ் அன்டனா பூட்ட இடம் தேடுகிறவர், பக்கத்து மாடிவீட்டைவிடத் தலைக்கு மேலே உள்ள தென்னோலைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். இந்தியச் செய்மதிகள் சில நிற்கும் 83 பாகை கிழக்கு நெடுங்கோடு நம் கடலுக்கு மேலால் போகிறது. அங்கிருந்து வரும் அலை ஏறக்குறைய உச்சியிலிருந்தே இறங்குகிறது. இங்கிலாந்தின் மைன்ஹெட்டில் நின்று பார்த்தால், இத்தகைய எந்தச் செய்மதியும் அடிவானத்திலிருந்து 32 பாகைக்கு மேல் ஏறாது. அந்தக் கரையோர ஊரில் 1917இல் பிறந்தவர் ஆர்தர் சி. கிளார்க்.

பெரியவர்களுக்கு எழுதிய விண்வெளிக் கதைகளுக்காகவே உலகம் அவரைக் கொண்டாடுகிறது. எனக்கு அவருடைய சிறுவர் நாவல்கள் மேல்தான் ஆசை. 1952இல் வந்த 'ஐலண்ட்ஸ் இன் த ஸ்கை'யில் ஒரு பையன் போட்டியில் வென்று, பரிசாக விண்வெளி நிலையத்துக்குப் போகிறான். உலகெங்கும் ஒலிபரப்பை அஞ்சல் செய்யும் நிலையங்களும் அந்தக் கதையில் உண்டு. மனிதன் ஒரு செய்மதியைக்கூட அனுப்பியிராத காலம் அது! விமானப்படையில் ராடர் வேலை பார்த்த கிளார்க், அந்த நிலையங்களுக்கான கணக்கை 1945 ஒக்டோபரிலேயே 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் எழுதிவிட்டார்.

உயரம் கூடக்கூடச் சுற்றும் வேகம் குறையும். சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் ஒன்றரை மணித்தியாலத்தில் பூமியைச் சுற்றிவிடுகிறது. சுமார் 384,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சந்திரனுக்கு 27 நாள் வேண்டும். அப்படியானால் இடையில் எங்கோ, சரியாக ஒரு நாள் எடுக்கும் உயரம் இருந்தே ஆகவேண்டும். அது 35,786 கிலோமீற்றர். மத்திய கோட்டுக்கு மேலே அந்த உயரத்தில் போகும் செய்மதி, பூமியோடு சேர்ந்தே திரும்புவதால், அசையாமல் நிற்பதாகத் தெரியும். எந்தப் பொறியியலாளரும் தெரிவு செய்த உயரமல்ல; பூமியின் ஈர்ப்பும் சுழற்சியும் சேர்ந்து குறித்து வைத்த இடம். 1964இல் சின்கொம் 3 என்ற செய்மதி அங்கே போய் நின்றது.

சவூதியிலிருந்தும் கட்டாரிலிருந்தும் செய்மதி வழியே வந்த பழைய கோல்களில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு தயக்கம் விழும். வாப்பா கோபமாக இருக்கிறாரோ என்று பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்கும். குரல் ஏறி இறங்க 72,000 கிலோமீற்றர். ஒளியின் வேகத்தில் போனாலும் கால் செக்கன். பதில் வந்துசேர இன்னொரு கால் செக்கன்.

1956இல் இலங்கைக்குக் குடிவந்த கிளார்க், 2008இல் கொழும்பில் இறக்கும்வரை இந்தத் தீவையே வீடாக்கிக்கொண்டார். 1979இல் வந்த 'த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில், இங்கிருந்து விண்ணுக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். அது மத்திய கோட்டில் நின்றால்தான் கணக்குச் சரிவரும். கிளார்க் கணக்கை மாற்றவில்லை. தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார். பிள்ளைகளுக்கு எழுதிப் பழகிய கைக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும் என்று நம்புகிறேன். கல்முனையிலிருந்து மத்திய கோட்டுக்கும் ஏறத்தாழ அதே தூரம்தான்.