உட்கார்ந்து எழ உங்களுக்கு எத்தனை மார்க், தெரியுமா?

மேசை இல்லை, பெஞ்சு இல்லை. ஆனாலும் ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்குச் சோறு! எங்கே தெரியுமா? தக்கலைக்குப் பக்கத்தில், பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தில்! 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரம்தான். அந்த நீளக் கூடத்தில் வந்தவர் அத்தனை பேரும் சம்மணம் போட்டு வரிசையாகத் தரையில்தான் இருந்தார்கள். அரண்மனையின் கறுத்த தரையைக் குனிந்து பாருங்கள், முகம் தெரியும்! சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது என்கிறார்கள். இப்படி ஒரு தரை இருந்தால் நாற்காலி யாருக்கு வேண்டும்?

நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியும் அப்படித்தான் இருந்தது. பந்திப்பாய் விரித்து, இலை போட்டு, பருப்பு, பப்படத்தில் தொடங்கி அவியல், எரிசேரி தாண்டி அடைப்பிரதமன் வந்து சேரும்வரை சம்மணம் கலையாது. வயிறு நிறைந்த பிறகு கையூன்றாமல் எழுந்தாக வேண்டும். அங்கேதான் பரீட்சை!

அந்தப் பரீட்சைக்கு மார்க்கே உண்டு, தெரியுமா? பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவ்ஜோவின் குழு போடும் மார்க் அது. தரையில் உட்கார 5, எழ 5. கையோ முட்டோ ஊன்றினால் ஒவ்வொரு முறையும் 1 போச்சு, தள்ளாடினால் அரை. 51 முதல் 80 வயதுவரை 2,002 பேரைச் சோதித்து, சில ஆண்டுகள் கவனித்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். 8-உம் அதற்கு மேலும் வாங்கியவர்களைவிட, 3-க்குள் நின்றவர்களிடம் இறப்பு அபாயம் 5 மடங்குக்கும் மேல்! எழ முடியாததால் சாவு வருகிறது என்று பயந்துவிடாதீர்கள். தசை வலு, நெகிழ்வு, சமநிலை மூன்றும் எப்படி இருக்கின்றன என்று அந்த மார்க் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்குடியினர் ஒரு நாளில் சுமார் 10 மணி நேரம் சும்மா இருக்கிறார்கள், தெரியுமா? நம் ஆபீஸ்காரர்கள் அளவுக்கு! ஆனால் குத்தவைத்தும் மண்டியிட்டும் இருப்பதால், ஓய்விலும் கால் தசை வேலை செய்கிறது என்கிறது 2020 ஆய்வு. அரிவாள்மணைக்கு முன்னால் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து தடியங்காய் நறுக்கிய ஆச்சிகளுக்கு இதை யாரும் சொல்லவேண்டியதில்லை.

குந்தும் பழக்கத்தை எலும்புகூடக் குறித்துவைக்கும்! லாகூரில் உடற்கூறு பேராசிரியராக இருந்த ஹேவ்லாக் சார்லஸ், பஞ்சாபியரின் கணுக்கால் எலும்புகளில் குந்தி இருந்ததன் தடத்தைக் கண்டு 1890-களிலேயே எழுதிவிட்டார்.

அதற்காக நாள் முழுக்கக் குந்தியே இருக்கலாமா? கூடாது! இளவயதில் தினம் 3 மணி நேரத்துக்கு மேல் குந்திய பெய்ஜிங்வாசிகளுக்கு, முதுமையில் முட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு, அதிகம் குந்தாதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. கொஞ்ச நேரம் இருங்கள், எழுங்கள், மாற்றி இருங்கள். முட்டு ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் தரைக்கு இறங்கவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. குந்தி இருந்தால் கக்கூஸ் வேலை முடிய சராசரி 51 விநாடி. மேலைநாட்டுக் கமோடில் 130! இஸ்ரேலில் 28 பேர் கடிகாரமும் கையுமாக இருந்து 2003-இல் வெளிவந்த கணக்கு இது. ஒரே ஒரு கக்கூஸ் உள்ள கல்யாண வீட்டுக்காரர்கள் யோசிக்கலாம்.