சுற்றைக் குறைத்தால் வோல்டேஜ் ஏறும்

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குள் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. எண்ணெயில் மூழ்கிய இரும்பு உள்ளகமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருள்களும்தான் உண்டு. 11,000 வோல்ட்டை வீட்டுக்கு ஏற்றபடி இறக்குவது அந்தச் சுருள்களின் சுற்று எண்ணிக்கை.

1831 ஆகஸ்டில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் பேட்டரியை இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டுமே மற்றதில் மின்னோட்டம் எழுந்தது. காந்தப்புலம் மாறினால்தான் மின்சாரம் தூண்டப்படும். நம் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதால் இந்த மாற்றம் ஓயாமல் நடக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மரின் இரு சுருள்களுக்குள்ளும் பாய்வது ஒரே காந்தப் பாயம். ஆகவே ஒரு சுற்றுக்கு இத்தனை வோல்ட் என்ற கணக்கும் இரண்டிலும் ஒன்றுதான். உயரழுத்தச் சுருளில் 2,200 சுற்றுகள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 11,000 வோல்ட் கொடுத்தால் சுற்றுக்கு 5 வோல்ட். தாழ்வழுத்தச் சுருளில் 50 சுற்றுகள் இருந்தால் கிடைப்பது 250 வோல்ட். வீடுகளுக்கு வந்து சேர்வதற்குள் அதில் கொஞ்சம் கம்பியிலேயே குறைந்துவிடும்.

வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியர் ஏறும். மூன்று ஃபேஸ் கொண்ட 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் முழுச் சுமையில் இருக்கும்போது உயரழுத்த லைனில் ஓடுவது ஏறத்தாழ 5 ஆம்பியர். தாழ்வழுத்த லைனில் 133. அதனால்தான் சுற்று குறைந்த சுருளுக்குத் தடித்த கம்பி, சுற்று மிகுந்ததற்கு மெல்லிய கம்பி.

நெடுந்தூர லைனின் கடைசியில் 11,000 வோல்ட் 10,450 ஆகக் குறைந்து வந்தால்? தாழ்வழுத்தச் சுருளில் சுற்றைக் கூட்டத் தேவையில்லை. உயரழுத்தச் சுருளில் டேப்பை, அதாவது சுருளோடு லைன் இணையும் இடத்தை, மாற்றி 2,200 சுற்றை 2,090 ஆகக் குறைத்தால் போதும். சுற்றுக்கு மறுபடி 5 வோல்ட், வெளியே மறுபடி 250. டேப்புகளை உயரழுத்தப் பக்கம் வைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே மின்னோட்டம் குறைவு, சுற்றுகள் அதிகம். சிறு சிறு படிகளாகத் திருத்தலாம். இந்த வகை டிரான்ஸ்ஃபார்மரில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மின்வாரிய ஊழியர்தான் டேப்பை மாற்ற வேண்டும்.

ஆனால் வோல்டேஜ் குறைவு தாழ்வழுத்த லைனின் கடைசி வீடுகளில் மட்டும் இருந்தால் டேப் மாற்றுவது சரியான வைத்தியம் அல்ல. டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகில் இருக்கும் வீடுகளுக்கு வோல்டேஜ் அளவு மீறிவிடும். அங்கே வேண்டியது தடித்த கம்பி, இல்லையென்றால் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர்.