முதல் கேள்வி ‘எந்தச் சிறை?’ அல்ல

இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டுக் கிளம்பும் நேரம். மாசாயிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். பாட்டு கேட்கத்தான் என்று நினைத்தேன்.

“மூணு நாளா மகனைத் தேடுறேன் தம்பி. போலீஸ் பிடிச்சிட்டுப் போனதா கூட்டாளி சொல்றான். ரெண்டு பாலாய்ல கேட்டுட்டேன், இங்க இல்லங்குறாங்க. எந்த ஜெயில்ல போய்க் கேக்கிறது?”

சொந்தக்காரர்கள் யாரிடமாவது சொன்னீர்களா என்றேன். “வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்பா” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். “மூணு நாள்தானே? அநேகமா அவன் ஜெயில்லயே இருக்க மாட்டான்” என்றார். நம்மில் பலர் குழம்பும் இடம் இதுதான். எந்தச் சிறை என்று கேட்பதற்கு முன்னால், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

முதல் கட்டம்: போலீஸ் காவல்

கைதானவர் முதலில் இருப்பது போலீஸ் லாக்கப்பில். கைதுக்கான காரணத்தை அறியவும், தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். தான் எங்கே இருக்கிறேன் என்பதைக் குடும்பத்துக்குத் தெரிவிக்கும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது.

மேலும் விசாரிக்க வேண்டுமென்றால் போலீசார் தடுப்புக் காவல் கேட்பார்கள். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனைக்குரிய குற்றமானால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரை. 14 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரியதானால் 7 நாளும் 7 நாளும். 2012ஆம் ஆண்டு சொஸ்மா சட்டத்தின் கீழ் கைதானால் இது 28 நாள் வரை நீளலாம்.

பிடித்த நிலையம் ஒன்று, அடைத்து வைத்திருக்கும் லாக்கப் வேறொன்றாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு நிலையமாக ஏறி இறங்காமல், கைது நடந்த வட்டாரத்தின் போலீஸ் தலைமையகத்துக்கு மைகார்ட் எண்ணோடு செல்லுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: விசாரணை அதிகாரியின் பெயர், எந்தச் சட்டப் பிரிவு, தடுப்புக் காவல் எப்போது முடிகிறது.

இரண்டாம் கட்டம்: நீதிமன்றம்

குற்றம் சாட்டப்பட்டதும் வழக்கு எண் கிடைக்கும். அதை எழுதி வையுங்கள். ஜாமீன் தொகை, அடுத்த வழக்கு நாள் எல்லாவற்றையும் நீதிமன்றப் பதிவகத்தில் கேட்கலாம். ஜாமீன் கிடைத்தும் கட்ட ஆளில்லாமல் சிறைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் விசாரணைக் கைதிகள், தண்டனை பெற்றவர்கள் அல்லர். பணம் கட்டினால் வெளியே வரலாம். ‘பணம் அனுப்பு, பையனை விடுறோம்’ என்று யாராவது போன் செய்தால் நம்பாதீர்கள். ஜாமீன் நீதிமன்றத்தின் மூலம்தான், ரசீதோடுதான்.

மூன்றாம் கட்டம்: சிறை

ஜொகூரின் பழைய தலைமுறைக்குச் சிறை என்றால் ஜாலான் ஆயர் மோலேக். இன்று குளுவாங், சிம்பாங் ரெங்கம் என்று வடக்கே போக வேண்டியிருக்கும். சிறைத்துறை மாநில அரசின் கீழ் இல்லை, கூட்டரசின் உள்துறை அமைச்சின் கீழ் இருக்கிறது. அதனால் ஜொகூரில் தண்டனை பெற்றவர் வேறு மாநிலத்துக்கும் மாற்றப்படலாம்.

அமெரிக்காவில் கூட்டரசுச் சிறைக் கைதியின் பெயரை இணையத்தில் தட்டினாலே இருப்பிடம் தெரிந்துவிடும். இங்கிலாந்தில் கைதி சம்மதித்தால்தான் சொல்வார்கள். நம் நாட்டில் அப்படிப் பொதுமக்கள் தேடும் பட்டியல் இல்லை. பெயர், மைகார்ட் எண், வழக்கு எண் மூன்றையும் வைத்துக்கொண்டு சிறைத்துறையிடம் கேட்பதே வழி. கைதி எண் கிடைத்தால் குறித்துக்கொள்ளுங்கள். சந்திப்பு நாளைத் தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு புறப்படுங்கள். குளுவாங் வரை போய்த் திரும்பி வருவது ஒரு நாள் சம்பளம்.

சிறையில் இல்லையென்றால்? போதைப்பழக்க வழக்கானால் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் மறுவாழ்வு மையத்தில் இருக்கலாம். 18 வயதுக்குட்பட்ட பையன் மலாக்கா, தெலுக் மாஸிலுள்ள ஹென்றி கர்னி பள்ளிக்கு அனுப்பப்பட்டிருக்கலாம். ஆவணமில்லாத வெளிநாட்டுத் தொழிலாளியானால் பெக்கான் நானாஸ் குடிநுழைவு முகாமில் விசாரியுங்கள். மகன் சிங்கப்பூரில் வேலை செய்பவர் என்றால் அங்குள்ள மலேசியத் தூதரகம் உதவும்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று ஒதுங்கிவிட வேண்டாம். தகுதியுள்ள மலேசியர்களுக்கு, கைதான கட்டத்திலிருந்தே இலவச உதவி தர தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. ஒய்பிஜிகே என்று கேட்டால் தெரியும்.

அந்த அம்மாவின் மகன் வேறொரு வட்டாரத்து லாக்கப்பில் இருந்தான். ஐந்தாம் நாள் நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தது. கட்டக் கையில் பணமில்லை, கையெழுத்துப் போட ஆளும் இல்லை. வேறு வழியின்றித் தன் அண்ணனுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் அன்று மதியமே பணத்தோடு வந்து நின்றார்.

“முதல் நாளே சொல்லியிருந்தா ஆளாளுக்குத் தேடியிருப்போமே” என்றாராம் அண்ணன்.