சுருக்கமும் மெய்ம்மையும்

தமிழ் வணிகர்தம் பழைய கணக்கேடுகளில் பற்று, வரவு, ரூபாய் என்னுஞ் சொற்களுக்கு ஒவ்வொரு குறியே நிற்கும். செட்டிநாட்டில் பயிலும் எமக்கு இச்சிக்கனம் புதிதன்று. இடஞ் சிறிது, எழுத வேண்டுவது பெரிது என்னும் அதே இடர்ப்பாடு இன்று உயிரியலாரையும் சூழ்ந்துள்ளது.

மனிதனுடைய மரபணுத் தொகுதி ஏறத்தாழ 310 கோடி எழுத்துக்களாலாயது. அவை அடினைன், சைட்டோசின், குவானின், தைமின் என்னும் நான்கு பொருள்களைக் குறிக்கும் ஏ, சி, ஜி, டி என்பனவே. கணிப்பொறியில் எழுத்தொன்றற்கு வழக்கமாக ஒரு பைட், அஃதாவது எட்டு பிட் செலவாகும். பிட் என்பது 0 அல்லது 1 நிற்கும் சிற்றறை. இரண்டு பிட் நால்வகையாய் அமையுமாதலின் நான்கெழுத்திற்கு அவையே போதும். அங்ஙனம் அடக்கின் 310 கோடி பைட் சுமார் 78 கோடியாய்ச் சுருங்கும்.

இதற்கு ஓர் எளிய வழியுண்டு. கணிப்பொறியில் ஏ, சி, ஜி, டி என்பவற்றின் எண்கள் முறையே 65, 67, 71, 84. இவற்றை இரும எண்களாக எழுதி, வலப்புறமிருந்து இரண்டாம் மூன்றாம் இடங்களை மட்டும் கொள்ளின், அவை 00, 01, 11, 10 என வெவ்வேறாகும். மேலும், டி.என்.ஏ. இழைகளில் ஏயுடன் டியும், சியுடன் ஜியும் இணைவன. இக்குறிகளில் இடப்புறத்துப் பிட்டை மாற்றிய அளவிலே ஒன்றன் இணை தோன்றும். இவ்வழகு கண்டு யாம் வியந்தோம்.

நிற்க. கருவியால் துணிந்து படிக்க இயலாத எழுத்தை ‘என்’ என்னும் ஆங்கில எழுத்தாற் குறிப்பது வழக்கு. அதன் எண் 78. இரும எண்ணில் 01001110. மேற்கூறிய ஈரிடங்களிலும் அதற்கு வாய்ப்பது 11, ஜிக்கும் அதுவே. ஆகவே, ‘தெரியவில்லை’ என்றிருந்தது ‘ஜி’ எனப் பொய்ச்சான்று பகரும். நோயாளியின் மரபணுவில் இல்லாத மாறுதலை அஃது உள்ளதாகவுங் காட்டலாம்.

இதற்கு அறிஞர் பரிகாரங் கண்டுளர். சான்டா குரூசிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தாரின் ‘டூபிட்’ கோப்பில், ‘என்’ நிற்கும் பகுதிகளின் தொடக்கமும் நீளமும் தனியே பதியப்படும். 2009-இல் அறிவிக்கப்பெற்ற ‘பாம்’ கோப்போ, எழுத்தொன்றற்கு நான்கு பிட் அளித்து ஐயத்திற்கும் இடம் வைத்தது.

2025 சனவரியில் ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தார் 10,000 இந்தியர்தம் மரபணுத் தரவுகளை ஆராய்ச்சியாளர்க்கு அளித்தனர். இத்துணைப் பெருஞ் செல்வத்திற்குச் சிக்கனம் இன்றியமையாதது. ஆயினும் ஐயத்தை விற்று இடம் வாங்குதல் தகாது. செல்லரித்த ஏட்டைப் பதிப்பிக்கும் நற்புலவர், அழிந்த எழுத்திற்குப் புள்ளியிட்டு வைப்பரேயன்றித் தம் ஊகத்தை மூலமென நாட்டார். தமிழ் பயிலும் யாம் அறிந்த அவ்வறமே கணிப்பொறிக்கும் அறமாம்.