கோடுகளின் கதை – 9: ஒரே நருட்டோ, பல கைகள்

கொடுங்கையூர் முத்தமிழ் நகரில் ஞாயிறுதோறும் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஜப்பானிய அனிமே நாயகன் நருட்டோ தமிழ் பேசத் தொடங்கியதிலிருந்து பிள்ளைகளிடம் ஒரு கேள்வி ஓயாமல் வருகிறது. "இன்னா சார், போன எபிசோட்ல மூஞ்சி ஷார்ப்பா இருந்துச்சு, இதுல ரப்பர் மாதிரி இழுக்குது? வேற ஆளு வரைஞ்சாங்களா?"

ஆமாம், வேறு ஆள்தான். ஏன் என்று புரிய கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' அனிமேஷன் தொடர் ஜப்பான் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஒரு முறை, அரை மணி நேரம். அன்று விழுந்த அந்த வாரக் கெடு இன்றுவரை ஜப்பானின் அனிமேஷன் தொழிலை விடவில்லை. பாட்டும் விளம்பரமும் போக ஒரு எபிசோடில் இருபது நிமிடத்துக்கு மேல் படம் ஓடும். அதற்கு ஆயிரக்கணக்கில் ஓவியங்கள் வேண்டும். வரைந்து முடிக்க மாதக்கணக்காகும். ஒளிபரப்புக்கோ வாரம் ஒன்று கொடுத்தாக வேண்டும். எனவே பல குழுக்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு எபிசோடுகளை வரைந்துகொண்டிருக்கும். சில எபிசோடுகளை முழுதாகவே வெளி ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிடுவார்கள். 'நருட்டோ' 2002-ல் தொடங்கி, அதன் தொடர்ச்சியான 'ஷிப்புடென்' 2017-ல் முடியும்வரை மொத்தம் 720 எபிசோடுகள். ஒரு கை வரைந்து தீர்க்கிற கணக்கா இது?

எல்லாக் குழுக்களுக்கும் கதாபாத்திரங்களின் மாதிரித் தாள்கள் போகும். முன்பக்கம், பக்கவாட்டு, சிரிப்பு, கோபம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்தரத்தில் புரண்டபடி ஒருவன் அடிவாங்கும்போது அவன் தாடை எப்படியிருக்கும் என்பது எந்தத் தாளிலும் இருக்காது. அங்கேதான் வரைகிறவரின் சொந்தக் கை வெளியே வரும். இந்த வேறுபாட்டைச் சமன்செய்ய ஒவ்வொரு எபிசோடுக்கும் ஓர் அனிமேஷன் டைரக்டர் உண்டு. ஜப்பானில் சுருக்கமாக 'சக்கான்' என்பார்கள். அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் கீ ஃப்ரேம் ஓவியங்களின் மேல் வண்ணத்தாளை வைத்து, கண்ணையும் மூக்கையும் அவர் திருத்தி வரைவார். அதனால் அந்த வாரத்து முகம் பெரும்பாலும் அவருடைய முகம்தான். 1989 முதல் 1996 வரை 291 எபிசோடுகள் ஓடிய 'டிராகன் பால் இசட்' ரசிகர்கள், நாயகன் கோக்குவின் முகம் கூர்மையும் கோணமுமாக இருந்தால் இது தடயோஷி யமமுரோவின் வாரம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

திருத்த நேரமே இல்லாமல் போனால்? 2015 ஆகஸ்டில் வந்த 'டிராகன் பால் சூப்பர்' ஐந்தாவது எபிசோடைப் பாருங்கள். கோக்குவும் பீரஸும் மோதும் முக்கியமான சண்டை, முகங்கள் கோணிக்கொண்டு நின்றன. உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். பின்னர் டிஸ்க்கில் வெளியிட்டபோது பல காட்சிகளை மறுபடி வரைந்து சேர்த்தார்கள். அது கெடு செய்த வேலை.

2010 ஜூனில் வந்த 'ஷிப்புடென்' 167-வது எபிசோடு அப்படியல்ல. பெய்னோடு நருட்டோ மோதுகிற அந்த எபிசோடை இயக்கியவர் அட்சுஷி வகாபயாஷி. உடல்கள் நீள்கின்றன, முகங்கள் நசுங்குகின்றன. அதையும் 'கேவலமான டிராயிங்' என்று திட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் போனில் நிறுத்தி நிறுத்திக் காட்டிச் சிரிப்பதும் இதைத்தான். நிறுத்திப் பார்ப்பதற்காக வரைந்ததல்ல அது. சினிமாவில் நொடிக்கு 24 ஃப்ரேம். அனிமேயில் ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்துவது வழக்கம். மூன்று என்றால் நொடிக்கு எட்டு ஓவியம்தான். அந்த எட்டுக்குள் ஓர் அடியின் வேகமும் கனமும் தெரியவேண்டும்.

வகுப்பில் இதைச் செய்தே பார்த்தோம். பாக்ஸர் ஒருவன் குத்துவிடுவதை எட்டுத் தாளில் வரையச் சொன்னேன். குத்துச்சண்டை வடசென்னைப் பிள்ளைகளுக்குப் பார்த்துப் பழகிய விஷயம். முகத்தை எட்டுத் தடவையும் அச்சு மாறாமல் வரைந்தவர்களின் தாள்களைப் புரட்டினால் குத்து விழவேயில்லை. நடு ஓவியத்தில் முஷ்டியை நீட்டித் தாடையைப் பக்கவாட்டில் இழுத்திருந்தாள் ஒரு சிறுமி. அவளுடையதைப் புரட்டியபோதுதான் எல்லோரும் "ஆ!" என்றார்கள். வகாபயாஷியின் பக்கம்தான் நான். மாதிரித் தாளுக்கு அடங்கிய முகத்தைவிட, அடி விழுந்தது தெரிகிற முகமே அந்த இடத்தில் சரியான ஓவியம்.

நம் வாசகர்களுக்கும் இந்த வழக்கு பழையதுதான். 1950-ல் கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது ஓவியர் மணியம் வாராவாரம் வரைந்தார். பின்னாளில் கல்கி அதே கதையை மறுபடி வெளியிட்டபோது வினுவும் பத்மவாசனும் வரைந்தார்கள். யாருடைய நந்தினி நந்தினி என்ற சண்டை இன்னும் பல வீடுகளில் ஓயவில்லை. அங்கே ஒரு வாசிப்பு முழுவதற்கும் ஒரே கை; மாற்றம் வர ஆண்டுகள் ஆயின. அனிமேயில் அது அடுத்த வாரமே வந்துவிடுகிறது.

இப்போது நிலைமை மாறிவருகிறது. சென்ற ஆண்டு செப்டம்பர், 'டீமன் ஸ்லேயர்' படத்தைத் தமிழிலேயே தியேட்டரில் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் "இதுல மட்டும் மூஞ்சி மாறவேயில்ல சார்" என்றார்கள். தொடரையும் சரி, படத்தையும் சரி, உஃபோட்டபிள் என்ற ஒரே ஸ்டுடியோ எடுக்கிறது. தொடரும் ஆண்டு முழுக்க வராது. சீசன் சீசனாக, இடைவெளி விட்டே வரும். நேரம் கிடைக்கிறது, முகம் நிற்கிறது.

கீ ஃப்ரேம் வரைகிறவர்களுக்காவது எபிசோடு முடிவில் பெயர் ஓடுகிறது, ரசிகர்கள் தேடிப் படிக்கிறார்கள். இரண்டு கீ ஃப்ரேம்களுக்கு நடுவே வரும் அசைவுகளை வரைகிற இன்பிட்வீன் கலைஞர்களை யாரும் தேடுவதில்லை. ஓர் ஓவியத்துக்குச் சுமார் 200 யென் என்ற கூலிக் கணக்கு அங்கே நெடுநாளாக இருக்கிறது. அந்த வேலையில் பெரும்பகுதி கொரியா, பிலிப்பைன்ஸ், சீனா, வியட்நாம் என்று கடல் தாண்டிப் போகிறது. அவர்களைப் பற்றி அடுத்த வாரம்.